முதலில் எஞ்ஜின் ஆறட்டும்

போன மாதம் ரமேஷ் போன் எடுத்தான். வெள்ளவத்தையில் நான் என் பாதி ஆயுளைக் கழித்த கராஜில் இப்போது அவன்தான் தலைமை மெக்கானிக். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அண்ணை, பழைய டர்போ கார் ஒண்டு வந்திருக்கு. எக்ஸோஸ்ட் மேனிஃபோல்ட் மாத்தோணும். எல்லாம் கழண்டிட்டுது, கடைசி போல்ட் மட்டும் உள்ளுக்கை முறிஞ்சு நிக்குது. கஸ்டமர் நாளைக்குப் பின்னேரம் வாறாராம். ஷேப் பண்ணி விடட்டோ?"

நான் போனைப் படாரென்று வைத்துவிட்டேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரோட இப்ப சண்டை?" என்றாள். "செத்துப்போன ஒரு ஆளோட" என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. "இன்னும் அந்த ஜோசப்போடயோ? சீ, விடுங்கோப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

என்னால் விட முடியவில்லை. உங்கள் அனுபவத்தை எழுதுங்கோ அண்ணை என்று இதே ரமேஷ்தான் பல நாளாக என்னைக் கரைச்சல்படுத்தினான். எழுதுகிறேன். அவன் எதிர்பார்த்த மாதிரி இனிப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

முதலில் இந்த 'ஷேப்' என்ற சொல். கொழும்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சண்டையில்லாமல் பங்குபோட்டுக்கொண்ட சொல் இது. வீதியில் பொலிஸ்காரன் மறித்தால் ஷேப். கல்யாண வீட்டில் சோறு குறைந்தால் ஷேப். மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காமல் இருந்தால் அதையும் யாராவது போய் ஷேப் பண்ண வேண்டும். பிழையைத் திருத்தாமல், உண்மையையும் சொல்லாமல், யாருடைய மனமும் நோகாமல் விஷயத்தை ஒப்பேற்றிவிடுவது என்று அர்த்தம். கராஜில் அதற்கு இன்னும் குறுகிய அர்த்தம் உண்டு. வண்டி வாசலைத் தாண்டும் வரை சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது.

நான் தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொறி கராஜில் கிறீஸ் துடைத்தேன். பிறகு கொம்பனித்தெருவில் ஒரு மலாய்க்காரரிடம் வெல்டிங் பழகினேன். பிறகு வெள்ளவத்தை. இடையில் வாங்கிய அடிகளையும் பேச்சுகளையும் பற்றிப் பெருமையாக எழுத எனக்கு விருப்பமில்லை. அடி வாங்கினால் தொழில் வரும் என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கராஜ் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. ரயில் போனால் தட்டிலுள்ள ஸ்பானர்கள் ஆடும். கடல் கிட்ட என்று வீடு வாங்குகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்கு அது சாபம். அந்த உப்புக் காற்று ஒரு போல்ட்டையும் சும்மா விடாது. கடலுக்குத் தள்ளியிருக்கும் நுகேகொடையிலிருந்து வரும் காரில் ஒரு தட்டில் கழரும் நட், வெள்ளவத்தைக் காரில் செத்தாலும் கழராது.

அங்கே என் மேலாள் ஜோசப் பாஸ். மெக்கானிக்கைப் பாஸ் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் கொட்டாஞ்சேனைக்காரர். மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். வெள்ளைச் சேர்ட் போட்டு வேலைக்கு வருவார். கழுத்துப் பட்டியில் ஊத்தை படாமல் ஒரு லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, மடித்துச் செருகியிருப்பார். பின்னேரம் போகும்போது அந்தச் சேர்ட் அப்படியே வெள்ளையாக இருக்கும். ஒருவரையும் ஏசமாட்டார், சத்தம் போடமாட்டார். இரும்பில் விரலை வைத்தால் அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கொழும்பில் அப்படி ஒரு கையை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டி எடுக்க ஆள் வருகிறது என்றால், கொஞ்ச நேரத்துக்கு முன்பே எஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓடவிடுவார். பொனெட்டைத் துடைப்பார். ஆள் வந்ததும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "கேளுங்க, சத்தமே இல்ல பாருங்க" என்பார். ஆளும் கேட்கும், சிரிக்கும், போகும். அதை நான் வெகுநாளாக மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் புவனா டீச்சர் கார் கொண்டுவந்தா. அவ வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் கணவரோடு இருந்தா. கார் அவவின் தம்பியுடையது. வெளிநாடு போகும்போது விட்டுப்போன ஜப்பான் டர்போ, அப்போதே பழசு. கணவர் சிவபாலன் ஐயா ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நுரையீரல் வருத்தம். கிளினிக்குக்குக் கூட்டிப் போவதற்காகவே டீச்சர் அந்த வயதில் கார் ஓட்டப் பழகினா.

"செல்வம், காரில மேடு ஏறேக்கை ஒரு புகை மணம். இவருக்குக் காருக்குள்ள ஏறினாத் தலை சுத்துது, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது. டொக்டர் வருத்தம் கூடிட்டுது எண்டு மருந்தைக் கூட்டிக் குடுத்திருக்கிறார்" என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி அதிக நாள் இல்லையெண்டு எனக்கே தெரியுது. போய் வாற வழியில எண்டாலும் அவர் கஷ்டப்படாமல் இருக்கட்டும்" என்றா.

"காருக்குள்ள டீச்சருக்குத் தலையிடி வாறதில்லையோ?" என்று கேட்டேன்.

அவ என்னைப் பார்த்தா. "வாறதுதான். அது யோசினையில எண்டெல்லோ நினைச்சன்."

காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அடுத்த நாள் காலை எஞ்ஜின் முற்றாக ஆறியிருந்தபோது ஸ்டார்ட் பண்ணி, ரப்பர் குழாய் ஒன்றை ஒரு பக்கம் காதிலும் மற்றப் பக்கம் எஞ்ஜின் பக்கமும் பிடித்துக் கேட்டேன். டிக், டிக், டிக். எஞ்ஜின் சூடாகச் சூடாகச் சத்தம் குறைந்து, பிறகு இல்லாமலே போய்விட்டது. மேனிஃபோல்ட்தான். எஞ்ஜினிலிருந்து வரும் எரிந்த புகையைச் சேர்த்து டர்போவுக்குத் தள்ளும் வார்ப்பிரும்பு அது. அதில் வெடிப்பு விழுந்தால் ஆறியிருக்கும்போது காட்டிக்கொடுக்கும். சூட்டில் இரும்பு விரிந்து வெடிப்பின் வாயைச் சாத்திக்கொள்ளும். ஆனால் முழுதாகச் சாத்தாது. மேடு ஏறி டர்போ அழுத்தம் கூடினால் திரும்பத் திறக்கும். கசிகிற புகை, முன்கண்ணாடிக்குக் கீழே காற்று எடுக்கும் துளையால் உள்ளே போகும். அந்த யுத்த காலத்துச் சோதனைச் சாவடி வரிசையில் எஞ்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு அந்த மனுசன் இருந்திருக்கிறார். இருக்கிற கொஞ்ச மூச்சையும் அந்தக் கார் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஜோசப் பாஸிடம் சொன்னேன். "ஹரி மல்லி, மாத்திரலாம்" என்றார். 'சரி தம்பி' என்பதை அவர் சிங்களத்தில்தான் சொல்வார்.

மாற்றுவது என்று வாயால் சொல்வது சுலபம். வெப்பத் தகட்டைக் கழற்ற வேண்டும், டர்போவின் எண்ணெய்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் பிரிக்க வேண்டும், டர்போவைத் தூக்கி இறக்க வேண்டும். அதன் பிறகுதான் மேனிஃபோல்ட்டைப் பிடித்திருக்கும் நட்கள் கண்ணில் படும். நட்களுக்கு உள்ளே ஸ்டட்கள். ஒரு முனை எஞ்ஜினின் அலுமினிய ஹெட்டுக்குள்ளும் மறு முனை வெளியிலுமாக நிற்கும் தலையில்லாத போல்ட்கள். வருடக்கணக்காக எரிந்து, ஆறி, உப்புக் குடித்து, நட்டும் ஸ்டட்டும் ஒரே இரும்பாகியிருக்கும். இதற்குப் பலம் உதவாது. துருவெண்ணெய் அடித்து ஒரு இரவு ஊறவிட வேண்டும். காலையில் கழற்றுகிற பக்கம் திருப்புவதற்கு முதல் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைக்க வேண்டும். அசைந்தால் பிழைத்தோம். அசையாவிட்டால் நட்டை மட்டும் நெருப்பால் சுட்டு, மெழுகுதிரியை அதில் பிடிக்க வேண்டும். மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். பிறகு கால் சுற்று முன்னே, அரைக் கால் பின்னே என்று கெஞ்சிக் கெஞ்சிக் கழற்ற வேண்டும்.

நான் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசி ஒன்று மிஞ்சியது. அது எஞ்ஜினின் பின்கோடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டை வைத்துத்தான் பார்க்கலாம். "இதை இண்டைக்கு ஊறவிடுவம் பாஸ்" என்றேன்.

"டீச்சர் பின்னேரம் வர்றாங்க செல்வம். நான் சொல்லிட்டேன்" என்றார் ஜோசப் பாஸ். ஸ்பானருக்கு ஒரு நீளக் குழாயை மாட்டி, லேஞ்சியால் பிடியைச் சுற்றி, ஒரு இழுப்பு. டக். அந்தச் சத்தம் கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் பல் கூசும். ஸ்டட் ஹெட்டின் முகத்தோடு முறிந்து உள்ளே நின்றுவிட்டது.

அவர் பதறவில்லை. குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி, ஷேப் பண்ணிரலாம்" என்றார்.

"பாஸ், உள்ளுக்கை இருக்கிறதை எடுக்காமல் விட ஏலாது. காருக்குள்ள போறது ஒரு வருத்தக்காரன்."

"மத்த எல்லாம் இறுக்கமா இருக்குதானே. நீ ரொம்ப யோசிக்கிற மல்லி. பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புது கஸ்கெட் வாங்கிட்டு வா, வந்ததும் பார்க்கலாம்."

நம்பிப் போனேன். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகடையாக ஏறி இறங்கி, ஹெட்டுக்கும் மேனிஃபோல்ட்டுக்கும் நடுவில் வைக்கும் அந்தத் தகட்டைத் தேடி வாங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வாசலிலேயே எஞ்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

எல்லாம் பூட்டியாயிற்று. புது மேனிஃபோல்ட்டுக்கு வெள்ளிப் பூச்சுக் கூட அடித்திருந்தது. கண்ணாடித் துண்டை வைத்துப் பின்கோடியைப் பார்த்தேன். அங்கே ஒரு நட் அழகாக உட்கார்ந்திருந்தது. ஸ்டட் இல்லாத இடத்தில் நட்! பசை வைத்து ஒட்டியிருந்தார். டீச்சரும் சிவபாலன் ஐயாவும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஜோசப் பாஸ் காதருகே கையைக் குவித்திருந்தார்.

"கேளுங்க டீச்சர், சத்தமே இல்ல பாருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் ஆள் வர முதல் எஞ்ஜினைச் சூடாக்கி வைத்தது மரியாதைக்கு இல்லை. சூட்டில் சத்தம் அடங்கும். அதற்குத்தான். எத்தனை பேர் இவர் கையைக் குவித்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்களோ! எனக்குத் தலைக்கேறிவிட்டது.

டீச்சர்தான் என்னைக் கண்டா. "வாங்கோ செல்வம். கையில என்ன அது?"

"கஸ்கெட், டீச்சர். உங்கட காருக்கு."

"என்ர காருக்கோ?" அவ ஓடிக்கொண்டிருந்த எஞ்ஜினைப் பார்த்தா, என் கையைப் பார்த்தா. "அப்ப உள்ளுக்கு என்ன போட்டிருக்கு?"

பழசைத்தான் திரும்ப வைத்திருக்க வேண்டும். "அது ஸ்பெயாருக்கு டீச்சர், எக்ஸ்ட்ராவா ஒண்ணு இருக்கட்டும்னுதான்" என்றார் ஜோசப் பாஸ், அதே இனிமையான குரலில். அந்த இனிமைதான் என் வாயைத் திறந்தது.

"டீச்சர், காரை இப்ப எடுக்காதேங்கோ. எஞ்ஜின் ஆறினாப் பிறகு நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. அப்ப சத்தம் கேக்காட்டி என்னைச் செருப்பால அடியுங்கோ."

"செல்வம், என்ன பேச்சு இது?" ஜோசப் பாஸ் முதல் முறையாக முகம் சுருக்கினார். "டீச்சர், ஆறுறதுன்னா ராத்திரியாயிரும். ஐயாவை வச்சுக்கிட்டு எப்படி..."

டீச்சர் தடுமாறினா. அவவுக்கு ஜோசப் பாஸில் நல்ல மதிப்பு. ஐயா ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டு காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். அவர் உள்ளே தொங்கிய சாவித் திறப்பை நோக்கிக் கையை நீட்டி, தானே எஞ்ஜினை நிறுத்தினார். சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் போய் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆறட்டும்" என்றார்.

ஜோசப் பாஸ் தேத்தண்ணி வரவழைத்தார். ஐயா தொடவில்லை. பாஸ் கோயில் திருநாளைப் பற்றிக் கதை கொடுத்தார். ஐயா காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்கள் போயின, வந்தன. அவருடைய நெஞ்சு விசிலடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் ஜோசப் பாஸ் அவருக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, ஷேப்புக்காகத்தான் அப்படிச் செஞ்சது. நேரம் இல்லாமப் போச்சு" என்றார்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "நேரமில்லை எண்டு டொக்டர் எனக்குத்தான் சொன்னவர், தம்பி. நானே பொறுத்துக்கொண்டு இருக்கிறன்."

இருட்டிக்கொண்டு வரும்போது பொனெட்டில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. டீச்சர் ஏறி ஸ்டார்ட் பண்ணினா. டிக், டிக், டிக், டிக். ரப்பர் குழாயே தேவைப்படவில்லை. எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டேன். அந்த நட் ஸ்பானர் இல்லாமல் இரண்டு விரலுக்குக் கழன்று வந்தது, பசையோடு. அதைக் கொண்டுபோய் ஐயாவின் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கோ நான் அவ்வளவு குளிசை மருந்து குடிச்சனான்?" என்றார்.

டீச்சர் அழுதா. ஆத்திரத்தில் அழுதா. ஜோசப் பாஸின் பக்கமே திரும்பாமல் ஐயாவைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டா.

இனித்தான் என் கோபத்தின் அடி வேர் வருகிறது. அடுத்த நாள் காலை நான் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, முறிந்த ஸ்டட்டை எடுக்க வெல்டிங் கம்பியோடு குனிந்தேன். கொம்பனித்தெருவில் படித்த வேலை. ஆனால் அந்த இடத்தில் கை நிற்கவில்லை. பின்னாலிருந்து, "தள்ளு" என்று குரல் கேட்டது.

ஜோசப் பாஸ் லேஞ்சியைக் கழுத்திலிருந்து எடுத்து எறிந்தார். கண்ணாடித் துண்டைச் சரித்து வைத்தார். முறிந்த ஸ்டட்டின் முகத்தில் ஒரு சின்ன நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளால் வெல்டிங் பொறியை இறக்கினார். சுற்றியிருந்த அலுமினியத்தில் ஒரு பொட்டுக் கூடப் படவில்லை. சிவப்பு மங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார். மெழுகுதிரியைத் தொட்டார், மெழுகு புரிக்குள் ஓடியது. ஸ்பானரை மாட்டி, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. கிறீச். பிறகு முன்னே, பின்னே, முன்னே. முழு ஸ்டட்டும் புழுவாட்டம் வெளியே வந்து விழுந்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுக்கவில்லை. புதிய ஸ்டட், புதிய கஸ்கெட், நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கினார், டர்போவுக்கு எண்ணெய் ஏறும் வரை பற்றவைக்காமல் எஞ்ஜினைச் சுழற்றினார். ஒன்றையும் மறக்கவில்லை. சேர்ட்டில் ஒரு கறை இல்லை.

நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்கு வந்த கோபம் அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம். இந்த மனுசனுக்குத் தெரியும்! ஒரு தேத்தண்ணி நேர வேலை அது. அதைச் செய்யாமல் பசை பூசி, ஒரு நோயாளியை அந்தப் புகைக்குள் ஏற்றி அனுப்பப் பார்த்தார். "ஏன் பாஸ்? நேற்றே இதைச் செய்திருக்கலாமெல்லோ?" என்று கத்தினேன். அவர் லேஞ்சியைப் பொறுக்கி உதறி மடித்தார். "வழமையா யாரும் திரும்பி வர்றதில்லையே மல்லி" என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது ஒரு காரணமாகப் பட்டது. பாவி மனுசன்.

டீச்சரின் தலையிடி அதோடு நின்றது. ஐயாவின் நுரையீரல் வருத்தம் மாறவில்லை, அது அவருடைய நோய். ஆனால் சத்தியும் தலைச்சுற்றும் இல்லை, குளிசைகளைக் குறைத்தார்கள், டொக்டர் சொன்ன நாளையெல்லாம் தாண்டி வருடக்கணக்காக இருந்தார். காரைச் சேர்விஸுக்குக் கொண்டுவரும்போது கூடவே வருவார். வாங்கில் உட்காருவார். ஜோசப் பாஸ் கையைக் குவிக்க மாட்டார்.

ஜோசப் பாஸ் செத்தபோது கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான கை, தங்கமான கை" என்று சொன்னார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கை தங்கம்தான், அதை ஆர் இல்லையென்றது? அந்தக் கையைக் காதில் குவிப்பதற்கல்லவா வைத்திருந்தார்!

ரமேஷ் போன் எடுத்த அடுத்த நாள் பின்னேரம் நான் பஸ் எடுத்து வெள்ளவத்தைக்குப் போனேன். கராஜ் வாசலில் அந்தப் பழைய டர்போ கார் துடைத்து மினுக்கி நின்றது. எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இன்னும் வரவில்லை. ரமேஷ் என்னைக் கண்டதும், "அண்ணை! வாங்கோ, இருங்கோ. பாருங்கோ, சத்தமே இல்லை" என்றான்.

கை குவிக்கவில்லை. அது ஒன்றுதான் குறை. அவன் ஜோசப் பாஸைக் கண்டதே இல்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லாமலே இது எப்படித்தான் வந்து சேருகிறதோ, எனக்கு விளங்கவில்லை.

கையை உள்ளே விட்டுத் திறப்பைத் திருப்பி எஞ்ஜினை நிறுத்தினேன். ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக் காருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? கஸ்டமர் இப்ப வந்திடுவார்."

"வரட்டும். ஆறட்டும்."

"ஆற எவ்வளவு நேரம் போகும் தெரியுமோ?"

"எனக்கு வேற வேலை இல்லை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். காரைப் பார்த்தான். வாசல் பக்கம் பார்த்தான். முகம் கறுத்துப் போயிருந்தது. ரயில் ஒன்று போனது, தட்டில் ஸ்பானர்கள் ஆடின. பிறகு அவன் பொனெட்டைத் தூக்கி, துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற வெப்பத் தகட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"கை சுடும், ஆறினாப் பிறகு கழட்டு" என்றேன்.

"சுடட்டும் அண்ணை" என்றான் ரமேஷ், என் முகத்தைப் பார்க்காமல்.